தவழும் குழந்தை, பழைய ஜன்னல், சுரண்டிய பெயின்ட்

கேள்வி இதுதான்: "பையனுக்குப் பத்து மாதம். வீடு முழுக்கத் தவழ்கிறான். தரை துடைக்கிற லிக்விட், கொசு லிக்விட் எல்லாம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருப்பதாக ஒரு வீடியோ வந்தது. அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எதையெல்லாம் நிறுத்த வேண்டும்? முதல் பிறந்தநாளுக்குள் முடிக்க வேண்டும் என்று பெயின்ட் வேலை வேறு நடக்கிறது. மாமனார் 1984இல் கட்டிய வீடு. ஜன்னல், கதவையெல்லாம் சுரண்டுகிறார்கள், ஒரே தூசி. அதனால் தினமும் இரண்டு தடவை லிக்விட் போட்டுத் துடைக்கிறேன்."

முதலில் ஒன்று செய்யுங்கள். இதை முழுக்கப் படிப்பதற்கு முன்னால் எழுந்து போய் அந்தச் சுரண்டல் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பெயின்ட்டர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக வழியிருந்தால் இன்றைக்கே போய்விடுங்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் கேட்டது தரை லிக்விடைப் பற்றி. எனக்குப் பக்கென்றது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரிகளைப் படித்தபோதுதான். நான் குழந்தை மருத்துவர். வீட்டுக்குள் இருக்கிற ரசாயனங்களில் குழந்தையின் மூளையைக் கெடுக்கும் என்று சந்தேகத்துக்கே இடமில்லாமல் நிரூபணமானது எது என்று என்னைக் கேட்டால், முதலில் காரீயத்தைத்தான் (ஆங்கிலத்தில் லெட்) சொல்வேன். 1984 வீட்டின் ஜன்னலில், அதுவும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எனாமல் அடித்த ஜன்னலில், அது இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்த நிறங்கள் பளிச்சென்று இருக்க லெட் குரோமேட் என்ற காரீயச் சேர்மத்தைக் கலந்தார்கள். பெயின்ட் சீக்கிரம் காய வேறு காரீய உப்புகளையும் சேர்த்தார்கள். இரும்புக் கம்பிக்கு முதல் பூச்சாக ரெட் லெட் அடிக்கிற வழக்கமும் இருந்தது. (ரெட் ஆக்சைடு வேறு, அது இரும்புத் துரு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.) வீட்டு பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல்தான் வந்தது, 2017 நவம்பர் 1 முதல் அமலானது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டைப் பற்றி யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது.

அளவு என்ன என்று புரிந்துகொள்ள ஓர் எள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை சுமார் 3 மில்லிகிராம். பழைய எனாமலில் நூற்றுக்கு ஒரு பங்கு காரீயம் இருக்கிறது என்று வையுங்கள், அது அதிசயமான அளவு இல்லை. எள் எடையுள்ள ஒரு பெயின்ட் துணுக்கில் அப்போது 30 மைக்ரோகிராம் காரீயம் இருக்கும். ஒரு குழந்தைக்கு உணவு வழியாக ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கணக்கு வைத்திருக்கிறது. அதாவது எள்ளளவு துணுக்கில் கிட்டத்தட்ட இரண்டு வாரக் கணக்கு இருக்கிறது. சுரண்டும்போது பறக்கிற தூசி எள்ளைவிடவும் பொடி. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. ஜன்னல் திட்டிலும் தரையிலும் படியும். அந்தத் தரையில்தான் உங்கள் பையன் உள்ளங்கையை ஊன்றித் தவழ்கிறான், அடுத்த நிமிடம் அதே கையை வாயில் வைக்கிறான்.

பெரியவர் வயிற்றுக்குள் போகிற காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் ரத்தத்தில் சேரும். சின்னக் குழந்தைக்குப் பாதி வரை சேர்ந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவான குழந்தை என்றால் இன்னும் கூடும், ஏனென்றால் குடலில் இரும்பை உள்ளே எடுத்துவரும் அதே வாசலில்தான் காரீயமும் நுழைகிறது. நம் ஊரில் இரும்புச்சத்துக் குறைவு எத்தனை குழந்தைகளுக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ரத்தத்தில் சேர்ந்த காரீயம் உடம்பை ஏமாற்றும். கால்சியம் போல நடித்து மூளைக்குள் போகும். மூளை அணுக்கள் ஒன்றோடொன்று பேச, புதிய இணைப்புகளை உண்டாக்க, வேண்டாதவற்றைக் கழிக்க எல்லாவற்றுக்கும் கால்சியம் வேண்டும். முதல் இரண்டு மூன்று வருடங்களில் இந்த வேலை அசுர வேகத்தில் நடக்கும். அந்த நேரத்தில் கால்சியத்தின் இடத்தில் வேறொன்று உட்கார்ந்தால் என்ன ஆகும்? குழந்தைக்குக் காய்ச்சல் வராது, அழாது, சாப்பிடும், சிரிக்கும். நான்கைந்து வருடம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் "ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், சொன்னது மனசில் நிற்பதில்லை" என்பார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், கைகால் செயலிழந்தும் பார்வை மங்கியும் வந்த குழந்தைகளுக்கு நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போய், 1904இல் காரணத்தை எழுதினார்: வீட்டு வராந்தாவின் கைப்பிடிக் கட்டைகள். வெயிலில் காய்ந்து பெயின்ட் மாவாக உதிரும், குழந்தைகள் அதைப் பிடித்துக்கொண்டு விளையாடி விரலைச் சூப்பும். 1922இல் குவீன்ஸ்லாந்தில் குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் காரீய பெயின்ட் அடிக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். அமெரிக்காவில் வீட்டு பெயின்ட்டில் அதைத் தடை செய்தது 1978. நமக்கு 2016. நூறு வருடத்துக்கு மேல் உலகத்துக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயம் நம் ஜன்னல்களுக்கு இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

அப்புறம், கைகால் செயலிழக்கும் அளவுக்குப் போனால்தான் கெடுதல் என்று பல காலம் நினைத்திருந்தார்கள். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன் அதை மாற்றினார். பாஸ்டனுக்குப் பக்கத்து ஊர்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்துக் காரீயம் அளந்தார். எந்த நோய்க்குறியும் இல்லாத பிள்ளைகள்தான் அவர்கள். பல்லில் காரீயம் கூடக்கூட, கவனம் சிதறுகிறது, சொன்னபடி செய்ய முடியவில்லை என்று ஆசிரியைகள் சொன்ன பிள்ளைகளும் கூடினார்கள். யார் பல்லில் எவ்வளவு என்பது அந்த ஆசிரியைகளுக்குத் தெரியாது. 2005இல் பல நாடுகளின் 1,333 குழந்தைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 2.4 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆக ஏறும்போது ஐ.கியூ. 3.9 புள்ளி குறைகிறது. 10லிருந்து 20 ஆகும்போது 1.9தான் குறைகிறது. அதாவது முதல் கொஞ்சத்தில்தான் இழப்பு அதிகம். "கொஞ்சம்தானே" என்று இதில் சொல்லவே முடியாது. உலக சுகாதார நிறுவனமும் பாதுகாப்பான அளவு என்று எதையும் குறிப்பிடுவதில்லை.

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பிள்ளைகளைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில் ரத்தத்தில் காரீயம் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். பெட்ரோலில் காரீயம் கலப்பதை நாடு முழுக்க 2000இல் நிறுத்தியாயிற்று, அதற்குப் பிறகு எடுத்த ரத்தம் இது. வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்த குழந்தைகளில் இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ பாதிப் பேர் 10ஐத் தாண்டியிருந்தார்கள்.

என்னிடம் வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். ஒன்றரை வயது. ரத்தசோகை. மூன்று மாதம் இரும்பு சிரப் கொடுத்தும் ஏறவில்லை. சுவரில் உதிர்வதை எடுத்துத் தின்கிறான் என்று பாட்டி சொன்னார். அப்பா பழைய இன்வெர்ட்டர் பேட்டரிகளைப் பிரித்துச் சரிசெய்யும் கடையில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதே சட்டையோடு பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார், பையன் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுவான். பேட்டரிக்குள் இருப்பதும் காரீயம்தான். ரத்தத்தில் 38 காட்டியது. அந்த அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவர் அன்றிலிருந்து கடையிலேயே குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். வேலைத் துணியைத் தனியாகத் துவைத்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியைச் சரிசெய்து மூடினார்கள். ஒன்பது மாதத்தில் 14க்கு இறங்கியது, ரத்தசோகையும் சரியானது. பேச்சு மட்டும் தாமதமாகத்தான் வந்தது. அது காரீயத்தால்தானா என்று ஒரு குழந்தையை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான் முதல் மாதமே ஏன் சோதிக்கவில்லை என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். 45க்கு மேல் போனால் காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து கொடுப்போம், உயிரைக் காக்க அது வேண்டும். அதற்குக் கீழே உள்ள 780 குழந்தைகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் அளவு இறங்கியது, அறிவுத்திறன் சோதனையில் வித்தியாசம் இல்லை. அதனால்தான் உள்ளே போகாமல் பார்ப்பதைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, உங்கள் வீட்டு வேலையை எப்படி முடிப்பது? உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்ட்டைத் தொடவே வேண்டாம், அதன் மேலேயே புதுப் பூச்சு அடித்து மூடிவிடலாம். உரிகிற இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈர உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். உலர்ந்தபடி சுரண்டுவதும் மெஷின் வைத்துத் தேய்ப்பதும் கூடவே கூடாது, நெருப்பு காட்டி உரிப்பது அதைவிட மோசம், புகையாகவே காரீயம் வரும். கீழே பிளாஸ்டிக் விரித்து, விழுவதைச் சுருட்டிக் கட்டி அகற்றுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசியைக் கிளப்பித் திரும்ப விரித்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். ஜன்னல் திட்டும் அதற்குக் கீழேயுள்ள இரண்டடித் தரையும் முக்கியம். பெயின்ட்டருக்கும் வீட்டில் குழந்தை இருந்தால் அவரிடமும் இதைச் சொல்லுங்கள், அவர் சட்டையோடுதான் அந்தத் தூசி அவர் வீட்டுக்குப் போகிறது. புது டப்பா வாங்கும்போது காரீயம் சேர்க்காதது என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். சிறு தயாரிப்பாளர்களின் எனாமல்களில் விதி வந்த பிறகும் வரம்பை மீறிய அளவு பிடிபட்டிருக்கிறது.

பெயின்ட் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. பாத்திர விஷயத்தில் தமிழே நம்மைக் கொஞ்சம் குழப்புகிறது. ஈயம் என்று ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம், அதனால் இந்தக் கெடுதல் இல்லை. கெடுதல் காரீயம். காரீயம் விலை மலிவு என்பதால் சொம்பிலும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயத்திலும் அதைக் கலக்க ஆசை வரும். புளியும் தக்காளியும் கொதிக்கிற பாத்திரம், ஆகவே நம்பகமான இடத்தில் வாங்கியதாக இருந்தால் தவிர குழந்தைக்கு அதில் ரசம் வேண்டாம். இண்டாலியம் சட்டியிலும் கவனம் வேண்டும். பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்தால் காரீயம் சேர்ந்துவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அந்த வகைக் கலப்பு உலோகப் பாத்திரங்களைப் பெயர் சொல்லியே எச்சரித்தது. குழந்தையின் கஞ்சிக்கும் பருப்புக்கும் எவர்சில்வர் போதும்.

மஞ்சளுக்கும் லெட் குரோமேட் பூசுகிறார்கள். பங்களாதேஷில் இதைக் கண்டுபிடித்து 2019இல் சந்தைகளில் சோதனை நடத்தி அபராதம் போட்டார்கள். அந்த வருடம் 47 சதவீத மாதிரிகளில் இருந்த கலப்படம் 2021இல் ஒன்றிலும் இல்லை. மனம் வைத்தால் இரண்டே வருடத்தில் முடிகிற காரியம். 2024இல் வெளியான ஆய்வில் இந்தியாவில் பாட்னா மஞ்சளில் மிக அதிகமாக இருந்தது. விரலி மஞ்சளாக, பாலிஷ் போடாததாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். கண்மையில் ஆமணக்கெண்ணெய் விளக்குக் கரியில் வீட்டில் செய்வது காரீயம் இல்லாதது. ஆனால் கல்லைப் பொடித்துச் செய்கிற சுர்மா பெரும்பாலும் காரீயத் தாதுவேதான், அதைக் குழந்தை பக்கம் கொண்டுவராதீர்கள்.

இனி வீடியோவுக்கு வருவோம். அவர்கள் சொல்லும் ஆராய்ச்சி உண்மையானதுதான். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2024இல் வந்தது. மின்கம்பிக்கு பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நரம்பிழைகளுக்கு மயலின் என்ற உறை உண்டு. அதைச் சுற்றும் அணுக்களை எலியின் ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்து, 1,800க்கும் மேற்பட்ட ரசாயனங்களைத் தனித்தனியாக அவற்றின் மேல் சோதித்தார்கள். கிருமிநாசினிகளில் வருகிற ஒரு வகை அந்த அணுக்களைக் கொன்றது. சோபா மெத்தைகளில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கிற இன்னொரு வகை அவை முதிராமல் தடுத்தது. உங்கள் தரை லிக்விட் பாட்டிலின் பின்னால் பென்சல்கோனியம் குளோரைடு என்று இருந்தால் அது முதல் வகையைச் சேர்ந்தது. ஆனால் தட்டில் வளர்த்த அணுவின் மேல் ஊற்றுவதும், துடைத்த தரையில் குழந்தை தவழ்வதும் ஒன்றல்ல. மனிதக் குழந்தைகளின் தகவலோடு அவர்கள் ஒப்பிட்டது தீத்தடுப்பு ரசாயனத்தை மட்டும்தான். எனவே பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள அவசியம் இல்லை. அதே சமயம், ஆஸ்பத்திரித் தரை மாதிரி தினமும் இரண்டு தடவை கிருமிநாசினி போடவும் அவசியம் இல்லை. வெறும் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். வாந்தி, மலம் பட்ட இடத்துக்கு லிக்விட் போட்டு, காய்ந்த பிறகு ஒருமுறை நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். பினாயில், மண்ணெண்ணெய், டர்பன்டைன் எதையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பெயின்ட் வேலை நடக்கிற வீட்டில் டர்பன்டைன் பாட்டில் தரையில்தான் கிடக்கும், இப்போதே பார்த்துவிடுங்கள்.

கொசுவுக்கு வலை கட்டுங்கள். டெங்கு கொசுவும் குழந்தைக்குச் சின்ன ஆபத்தில்லை, அதனால் கொசுவை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சுருளை மட்டும் வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமான நுண்துகள் வரும் என்று 2003இல் அளந்திருக்கிறார்கள். பிளக்கில் மாட்டுகிற லிக்விடைக் குழந்தை இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரம் போட்டு அணைத்து, கதவைத் திறந்துவிடலாம். எறும்புக்குக் கோடு போடுகிற சாக்பீஸும் பூச்சிமருந்துதான், தவழ்கிற உயரத்தில் அது வேண்டவே வேண்டாம். பெயின்ட் வேலையோடு கரையானுக்கும் மருந்து அடிக்கிறோம் என்று யாராவது வந்தால், மருந்தின் பெயரைக் கேளுங்கள். குளோர்பைரிபாஸ் என்றால் வேண்டாம். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் கர்ப்பத்தில் அது பட்ட குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து, வளர்ச்சியிலும் மூளை அமைப்பிலும் வித்தியாசம் கண்டார்கள். அமெரிக்காவில் வீடுகளுக்குள் அதன் பயன்பாட்டை 2001 வாக்கில் நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்று, உங்கள் பையனுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது பிரசவம் நெருங்கியிருக்கலாம் என்பதால் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்குப் பழைய துணியைத்தான் முதலில் போடுவோம். பீரோவின் அடித்தட்டிலிருந்து அண்ணன் பிள்ளையின் சட்டை வரும், தாத்தாவின் மெத்தென்ற வேட்டி வரும். கூடவே அந்துருண்டை வாசனையும் வரும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் உண்டு, பார்த்தால் தெரியாது. அவர்களுக்கு அந்துருண்டையில் இருக்கிற நாப்தலின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போனாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள்காமாலை திடீரென்று ஏறும். அளவு மீறினால் அந்த மஞ்சள் மூளையில் படிந்து, காது கேட்காமலும் கைகால் இயக்கம் கெட்டும் வாழ்நாள் முழுக்க நிற்கும். எண்ணெய் தடவிய உடம்பில் இன்னும் வேகமாக இறங்கும். காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள். அந்துருண்டையோடு இருந்த துணி என்றால் நன்றாகத் துவைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, வாசனை முழுக்கப் போன பிறகு போடுங்கள்.

உங்கள் பையனுக்கு ரத்தத்தில் காரீயம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுரண்டல் எத்தனை நாள் நடந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லி, ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டும், ரத்தக்குழாயிலிருந்து எடுக்கட்டும். அதுவரை சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கும் முன்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரை சேர்த்த பருப்பும் கொடுங்கள், வெறும் வயிற்றோடு வெகுநேரம் விடாதீர்கள். கால்சியமும் இரும்பும் வயிற்றில் இருந்தால் காரீயத்துக்கு இடம் குறையும். ரிப்போர்ட் வந்ததும் எண்ணை மட்டும் பார்த்துப் பதறாமல் அலகையும் பாருங்கள். சில ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு என்று தரும், சில லிட்டருக்கு என்று தரும். லிட்டருக்கு 35 என்றால் டெசிலிட்டருக்கு 3.5தான். டெசிலிட்டருக்கு 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் மூலம் எது என்று வீட்டில் தேடி அகற்ற வேண்டும், ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் திரும்பச் சோதிக்க வேண்டும். எண் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.